கல்யாண வீடியோ எடிட்டிங் கணினிக்கு எந்த எஸ்எஸ்டி? ஒரு நிகழ்வு ஆய்வு

புதுக் கணினி கட்டும்போது ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், தரவைச் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டி-யை மட்டும் கடை கவுன்டரில் நின்றபடி ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். பெட்டியில் விநாடிக்கு 7000 எம்பி என்று போட்டிருந்தால் வேகமானது, 3500 என்று போட்டிருந்தால் மெதுவானது, அவ்வளவுதான் கணக்கு. அந்த எண் உண்மைதான். ஆனால் அது காலியான டிரைவில், முதல் சில பத்து நொடிகளுக்கு மட்டும் நிற்கும் எண். முகூர்த்தம் முடிந்து மதியம் மூன்று மணிக்கு ஆறு மெமரி கார்டுகளோடு ஒருவர் எடிட்டிங் அறைக்குள் நுழையும்போது அந்த எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, கல்யாண வீடியோவும் புகைப்படமும் செய்யும் ஒரு சிறிய ஸ்டுடியோவுக்கான கணினி. இன்டெல் ஐ5-14500 ப்ராசசர், பி760 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. மென்பொருள் பிரீமியர் அல்லது டாவின்சி ரிசால்வ். அறையில் ஏசி உண்டு, ஆனால் எப்போதும் ஓடாது. இதற்கு என்ன வகை எஸ்எஸ்டி, எத்தனை, எந்த ஸ்லாட்டில் என்பதுதான் கேள்வி.

முதலில் எவ்வளவு தரவு என்று பார்ப்போம்

சோனி கேமராக்களில் 4கே 25 ஃபிரேம், எக்ஸ்ஏவிசி எஸ் முறைப் பதிவு விநாடிக்கு 100 மெகாபிட் எடுக்கும். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. மணிக்கு 45 ஜிபி. ட்ரெடிஷனல் கேமராக்காரர் மாலை ரிசப்ஷனையும் காலை முகூர்த்தத்தையும் கிட்டத்தட்ட நிறுத்தாமல் எடுப்பார். ஏழு மணி நேரம் என்று வைத்தால் 315 ஜிபி. கேண்டிட் கேமரா ஸ்லோமோஷனுக்காக 4கே 50 ஃபிரேம், 10-பிட் 4:2:2-இல் (நிற விவரம் கூடுதலாக உள்ள பதிவு) ஓடும். அது 200 மெகாபிட், மணிக்கு 90 ஜிபி. துண்டு துண்டாக இரண்டரை மணி நேரம் சேர்ந்தால் 225 ஜிபி. இதற்கு மேல் 35 எம்பி வீதம் 3000 ரா படங்கள், 105 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு மொத்தம் 645 ஜிபி.

கடையில் 1 டிபி என்று விற்கும் டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, யாரும் திருடவில்லை. எப்படிக் கணக்கிட்டாலும் ஒரே கல்யாணம் 1 டிபி டிரைவில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிடும். தை மாதமோ வைகாசியோ வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கல்யாண வேலைகள் மேசையில் கிடக்கும். ஆகவே கொள்ளளவுதான் முதல் நிபந்தனை. வேகம் பிறகுதான்.

வேகம் எங்கே தேவைப்படுகிறது, எங்கே தேவையில்லை

எடிட் செய்யும்போது டிரைவ் என்ன செய்கிறது? மூன்று கேமரா மல்டிகேம் டைம்லைனில் 100 மெகாபிட் ஓட்டம் ஒன்றும் 200 மெகாபிட் ஓட்டம் இரண்டும் ஒன்றாக ஓடினாலும் விநாடிக்கு 62.5 எம்பி படித்தால் போதும். பழைய இணைப்பு முறையான சாட்டாவில் ஓடும் பத்து வருடப் பழைய எஸ்எஸ்டி கூட 550 எம்பி படிக்கும். டைம்லைன் திக்கினால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவ் இல்லை, டீகோடிங், அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலை. 10-பிட் 4:2:2 எச்.264 கோப்பை இந்த ப்ராசசருக்குள் வீடியோ பிரிப்பதற்கென்று இருக்கும் க்விக்சிங்க் வன்பொருள் பிரிக்காது. முழுச் சுமையும் கோர்களின் தலையில் விழும். அதே 10-பிட் 4:2:2 எச்.265 ஆக இருந்தால் பிரித்துவிடும். கேமராவில் எச்.265-இல் பதியும் எக்ஸ்ஏவிசி எச்எஸ் முறைக்கு மாறுவதோ ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் ஒரு சிறிய நகல்) போடுவதோதான் அங்கே மருந்து. புதுத் தலைமுறை ஜென் 5 எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் திக்கல் அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

புரோரெஸ் 422 எச்க்யூ என்ற, குறைவாகச் சுருக்கும் முறையில் எடுப்பவர்களுக்குமே கணக்கு பெரிதாக மாறாது. 4கே 25 ஃபிரேமுக்கு அது 737 மெகாபிட், அதாவது 92 எம்பி. மூன்று ஓட்டம் சேர்ந்தால் 276 எம்பி, சாட்டாவின் எல்லைக்குள்தான். ஆனால் மணிக்கு 330 ஜிபி-க்கு மேல் விழுங்கும். அங்கேயும் முதலில் முட்டுவது கொள்ளளவில்தான்.

ரெண்டரில் இன்னும் வேடிக்கை. ஒரு மணி நேரப் படத்தை 50 மெகாபிட்டில் ஏற்றுமதி செய்தால் விளைவு 22.5 ஜிபி. அரை மணியில் முடித்தால் விநாடிக்கு 12.5 எம்பி எழுதுகிறது. விநாடிக்கு 6900 எம்பி எழுதத் தெரிந்த டிரைவ் அந்த அரை மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது கார்டிலிருந்து இறக்கும் வேலை. நீண்ட நேரம், நிறுத்தாமல், நூற்றுக்கணக்கான ஜிபி எழுதும் ஒரே தருணம் அதுதான். எஸ்எஸ்டி-யின் வகை அங்கேதான் வெளுக்கும்.

டிஎல்சி, க்யூஎல்சி: கேஷ் தீர்ந்த பிறகு

எஸ்எஸ்டி-யில் தரவு தங்கும் நாண்ட் சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு வைத்தால் க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்குப் பதினாறு. நிலைகள் நெருங்க நெருங்க, ஒவ்வொன்றையும் துல்லியமாக எழுத அதிக நேரம் ஆகிறது. இந்த மெதுவை மறைக்க எல்லாக் கம்பெனிகளும் ஒரு உத்தி செய்கின்றன. காலியாக இருக்கும் செல்களில் தற்காலிகமாக ஒரே ஒரு பிட் மட்டும் எழுதுகின்றன. அது மிக வேகம். எஸ்எல்சி கேஷ் என்பது இதுதான். பிறகு ஓய்வு கிடைக்கும்போது கண்ட்ரோலர் (டிரைவை நடத்தும் சிப்) அந்தத் தரவை எடுத்து அடர்த்தியாக அடுக்கி வைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எழுதும் வேகம் இந்தக் கேஷின் வேகம்.

ஒரு பிட் மட்டும் வைப்பதால் டிஎல்சி-யில் 1 ஜிபி கேஷுக்கு 3 ஜிபி காலி இடம் வேண்டும், க்யூஎல்சி-யில் 4 ஜிபி. டிரைவ் நிரம்ப நிரம்பக் கேஷ் சுருங்குவது இதனால்தான். வாங்கிய அன்று பறந்த டிரைவ் முக்கால் பங்கு நிரம்பியதும் நொண்டுவதற்கு வைரஸ் காரணம் இல்லை.

கேஷ் தீர்ந்தால் என்ன வேகம்? பெரும்பாலான பெட்டிகளில் இருக்காது. சாம்சங் தன் 870 க்யூவிஓ சாட்டா டிரைவுக்கு அதை வெளிப்படையாகவே தந்திருக்கிறது. 1 டிபி மாடலில் கேஷ் 42 ஜிபி, அதற்குப் பிறகு விநாடிக்கு 80 எம்பி. 2 டிபி மாடலில் கேஷ் 78 ஜிபி, பிறகு 160 எம்பி. 80 எம்பி என்பது சாதாரண ஹார்ட் டிஸ்க்கை விடக் குறைவு.

இதை நம் கல்யாணத்தில் வைத்துப் பார்க்கலாம். யுஎச்எஸ்-2 என்ற வேக வகை மெமரி கார்டும் அதற்கேற்ற ரீடரும் விநாடிக்கு 250 எம்பி தரும் என்று கொள்வோம். 645 ஜிபி-ஐ அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ளும் டிரைவில் இறக்க 43 நிமிடம். 1 டிபி க்யூஎல்சி-யில் முதல் 42 ஜிபி மூன்று நிமிடத்துக்குள் போய்விடும். மீதி 603 ஜிபி, 80 எம்பி வீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். 2 டிபி மாடல் என்றால் சுமார் 64 நிமிடம். கார்டு மாற்றும் இடைவெளியில் கேஷ் கொஞ்சம் காலியாகும் என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுத் தேவலாம். ஆனால் அந்த நேரத்தில் அதே டிரைவில் இன்னொருவர் எடிட் செய்துகொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ். எழுதுவதில் மூச்சுத் திணறும் டிரைவ் படிக்கவும் தாமதிக்கும், டைம்லைன் உறையும்.

என்விஎம்இ, அதாவது சாட்டாவை விட வேகமான இணைப்பு முறை கொண்ட க்யூஎல்சி டிரைவுகளில் கேஷ் பெரிது, காலியாக இருக்கும்வரை மிக வேகம். தீர்ந்த பின் நடப்பது இதே கதைதான், ஏனென்றால் இடைமுகம் மாறினாலும் உள்ளே இருக்கும் செல் மாறவில்லை. அதற்கு மாறாக நல்ல 2 டிபி டிஎல்சி டிரைவுகள், உதாரணமாகச் சாம்சங் 990 ப்ரோ, 226 ஜிபி வரை கேஷ் வைத்திருக்கும். அது தீர்ந்தாலும் விநாடிக்கு ஒரு ஜிபி-க்கு மேல் எழுதிக்கொண்டே இருக்கும். 250 எம்பி-யில் வரும் கார்டுக்கு அது எப்போதும் போதும்.

"க்யூஎல்சி வாங்கினேன், எந்தப் பிரச்சினையும் இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை. அவர்களில் பலரிடம் இருப்பது யுஎச்எஸ்-1 கார்டு ரீடர். அதன் எல்லை 104 எம்பி, கையில் கிடைப்பது 90 சொச்சம். விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 கார்டைப் போட்டாலும் அந்த ரீடரில் அதே 90-தான். டிரைவ் மெதுவானதே கண்ணில் படாது, ஏனென்றால் அதற்கு முன்னாலேயே குழாய் அடைத்திருக்கிறது. இன்னும் மோசம், ரீடரை கேபினெட்டின் யுஎஸ்பி 2.0 ஓட்டையில் செருகுவது. அங்கே 40 எம்பி-தான் கிடைக்கும். 645 ஜிபி இறக்க நாலரை மணி நேரம். இந்த வேலைக்கு நல்ல ரீடரும் சரியான ஓட்டையும் எஸ்எஸ்டி-க்கு முன்னால் வாங்க வேண்டியவை. இதைச் சொன்னால் வாங்க வந்தவர் முகம் வாடும், ஆனால் செலவு மிச்சம்.

ஆயுள் பற்றிய பயம்

க்யூஎல்சி வேண்டாம் என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் "சீக்கிரம் செத்துவிடும்". இந்தக் கேசில் அது எடுபடாது. வருடம் 40 கல்யாணம் என்றால் 26 டிபி. ப்ராக்ஸி, ரெண்டர், மீடியா கேஷ் என்று அதே அளவு இன்னொரு முறை எழுதினாலும் 52 டிபி. 2 டிபி அளவில் 990 ப்ரோவுக்கும் டபிள்யூடி எஸ்என்850எக்ஸ்-க்கும் உத்தரவாத எழுத்து அளவு 1200 டிபி. 23 வருடம் வரும். க்யூஎல்சி ஆன க்ரூஷியல் பி3 2 டிபி-க்கு 440 டிபி. அதுவும் எட்டு வருடத்துக்கு மேல். அதற்குள் கணினியே மாறிவிடும். வாரண்டி ஐந்து வருடம் அல்லது இந்த எழுத்து அளவு, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஆக, இங்கே க்யூஎல்சி-யை ஒதுக்குவது ஆயுளுக்காக இல்லை, இறக்கும் நேரத்துக்காக.

டி-ராம் இருக்கிறதா இல்லையா

எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை டிரைவ் எங்காவது வைத்திருக்க வேண்டும். 4 கேபி-க்கு 4 பைட் வீதம் 1 டிபி-க்குச் சுமார் 1 ஜிபி. விலை கூடிய டிரைவுகளில் இதற்கென்று தனி டி-ராம் (வேக நினைவகம்) சிப் உண்டு. இல்லாதவை எச்எம்பி என்ற வசதியால் கணினியின் ராமிலிருந்து ஒரு சிறு பகுதியை, பொதுவாக 64 எம்பி அளவில், கடன் வாங்கும். என்விஎம்இ 1.2 பதிப்பில் வந்த வசதி இது. சாட்டா டிரைவுகளுக்குக் கிடையாது. ஆகவே டி-ராம் இல்லாத சாட்டா டிரைவும் டி-ராம் இல்லாத என்விஎம்இ டிரைவும் ஒன்றில்லை. முன்னது சிறு கோப்புகளில் உண்மையிலேயே தடுமாறும்.

பெரிய வீடியோ கோப்புகளை வரிசையாகப் படிக்கும் வேலையில் டி-ராமின் பங்கு சிறிது. "டி-ராம் இல்லையென்றால் தொடவே தொடாதே" என்ற அறிவுரை சாட்டா காலத்து மிச்சம். விண்டோஸும் மென்பொருளும் இருக்கும் டிரைவுக்கு டி-ராம் இல்லாத டிஎல்சி என்விஎம்இ தாராளமாகப் போதும். எச்எம்பி-யில் ஒரு வில்லங்கமும் நடந்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, டபிள்யூடி எஸ்என்770, எஸ்என்580 ஆகியவற்றின் 2 டிபி மாடல்கள் வழக்கமான 64-க்குப் பதில் 200 எம்பி ராமைக் கேட்டு வாங்கி, நீலத் திரையோடு விழுந்தன. டபிள்யூடி புது ஃபர்ம்வேர் (டிரைவின் உள் மென்பொருள்) வெளியிட்டுச் சரிசெய்தது. விண்டோஸ் நிறுவியவுடன் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரே பெயர், வேறு சரக்கு

மாடல் பெயரை நம்பி வாங்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. க்ரூஷியல் பி2, 2020-இல் டிஎல்சி-யோடு வந்து 2021-இல் பெயர் மாறாமலே க்யூஎல்சி ஆனது. அதே 2021-இல் டபிள்யூடி எஸ்என்550-இன் உள்ளே நாண்ட் மாறி, கேஷ் தீர்ந்த பின் எழுதும் வேகம் 610-இலிருந்து 390 எம்பி-க்கு இறங்கியது. கிங்ஸ்டன் என்வி2 போன்றவை எந்தக் கண்ட்ரோலர், எந்த நாண்ட் என்று சொல்லாமலே விற்கப்பட்டவை. ஒரே பெட்டியில் யாருக்கு என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். விண்டோஸ் டிரைவுக்கு அந்த அதிர்ஷ்டத்தைச் சோதிக்கலாம், வேலை டிரைவுக்குக் கூடாது. கம்பெனியின் உயர்வரிசை மாடல்களில் இப்படி மாற்றுவது அரிது, அதனால்தான் வேலை டிரைவுக்கு அந்த வரிசையைத் தேடுகிறோம். ஏழாயிரம் எம்பி-க்காக இல்லை.

போர்டில் எந்த ஸ்லாட்

எம்.2 என்பது வடிவம், என்விஎம்இ என்பது பேசும் முறை. இரண்டையும் ஒன்றாக நினைத்து சாட்டா எம்.2 டிரைவை வாங்கி வந்து, என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் செருகிவிட்டு, "டிரைவ் செத்துப்போய் வந்திருக்கிறது" என்று கடைக்குத் திரும்புவது வாராவாரம் நடக்கும் காட்சி. முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் வெட்டை எண்ணுவதை விட லேபிளைப் படிப்பது மேல். நீளம் 2280, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்.

என்விஎம்இ டிரைவ் ஓடும் பாதை பிசிஐஇ. அதில் ஒரு தலைமுறைக்கு (ஜென்) அடுத்தது இரட்டிப்பு வேகம். நான்கு லேனில் (தடத்தில்) ஜென் 3 விநாடிக்கு 3.9 ஜிபி, ஜென் 4 7.9, ஜென் 5 15.8. நம் ப்ராசசரிலிருந்து நேராக வரும் நான்கு லேன்கள் ஜென் 4. பி760 போர்டின் முதல் எம்.2 ஸ்லாட் அதில்தான் இருக்கும். மற்ற ஸ்லாட்கள் சிப்செட் (போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) வழியாகப் போகும். அவை எல்லாமும், யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க் உட்பட, ப்ராசசரை அடைய ஜென் 4 நான்கு லேன் அகலமுள்ள ஒரே பாதையைத்தான் பங்கிடும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் கார்டு ரீடரின் 250 எம்பி அந்தப் பாதையில் ஒரு மூலைக்குக் காணாது. இசட்790 போர்டுகளில் ஜென் 5 எம்.2 ஸ்லாட் இருந்தால், அதில் டிரைவ் போட்டதும் கிராபிக்ஸ் கார்டின் பதினாறு லேன் எட்டாகக் குறையும். பயன்படாத வேகத்துக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. ஜென் 5 டிரைவுகளில் முதலில் வந்தவை சூட்டிலும் முன்னணி. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் ஓட்டவே கூடாது.

பட்ஜெட் குறைவு என்று வேறு போர்டுக்கோ ப்ராசசருக்கோ போகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். எச்610 போர்டில் எம்.2 ஸ்லாட் சிப்செட்டிலிருந்து ஜென் 3-இல் வரும். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி-யும் 5500-உம் பி550 போர்டில் போட்டாலும் ஜென் 3-தான் தரும். போர்டின் பெட்டியில் ஜென் 4 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் சரி. ஜென் 4 டிரைவ் அங்கே வேலை செய்யும், 3500 எம்பி-யோடு நிற்கும். இந்தக் கேஸைப் பொறுத்தவரை அதனால் நஷ்டம் எதுவும் இல்லை, கூடுதலாகக் கொடுத்த காசைத் தவிர.

முடிவு

விண்டோஸ், மென்பொருள், மீடியா கேஷ் ஆகியவற்றுக்கு 1 டிபி ஜென் 4 டிஎல்சி, டி-ராம் இல்லாதது. இது சிப்செட் ஸ்லாட்டில். நடப்பு வேலைகளுக்கு 2 டிபி ஜென் 4 டிஎல்சி, உயர்வரிசை, 1200 டிபி உத்தரவாதம் உள்ளது. இது ப்ராசசர் ஸ்லாட்டில், போர்டோடு வரும் ஹீட்சிங்கின் கீழே. இரண்டு கல்யாணங்கள் சேர்ந்து 1290 ஜிபி. ப்ராக்ஸிக்கும் ரெண்டருக்கும் ஒரு 300 போனாலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும், கேஷ் மூச்சுவிடும். மூன்றாவது கல்யாணம் வந்தால் அதன் ட்ரெடிஷனல் பதிவை ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்து வெட்டலாம். வரிசையாக ஓடும் 12.5 எம்பி-க்கு ஹார்ட் டிஸ்க் தாங்கும். கேண்டிட் துண்டுகளை மட்டும் அங்கே வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான சிறு கிளிப்புகளுக்கு இடையே தாவுவதில் அதன் ஊசி அலைந்தே களைக்கும்.

கடைசியாக 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று கேபினெட்டுக்குள், மற்றது வெளியே, வேறு இடத்தில். ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை பன்னிரண்டு கல்யாணங்கள் அதில் தங்கும். காப்பகத்தை எஸ்எஸ்டி-யில் வைத்து அலமாரியில் பூட்டும் யோசனை சிலருக்கு உண்டு. வேண்டாம். ஜெடெக் (சிப் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரப்படி, எழுதும் ஆயுளை முடித்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும். வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும், நம் ஊர் அலமாரி சித்திரையில் 30 டிகிரியில் நிற்பதில்லை. புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம்.

கையில் காசு குறைந்தால் எதை வெட்டுவது? 2025 பிற்பாதியிலிருந்து நாண்ட் விலை ஏறியதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. வேலை டிரைவை டி-ராம் இல்லாத 2 டிபி டிஎல்சி-யாக இறக்கலாம். விண்டோஸ் டிரைவை 500 ஜிபி ஆக்கலாம். ஜென் 4-ஐ ஜென் 3 ஆக்கலாம். டிஎல்சி-யை க்யூஎல்சி ஆக்குவதையும் 2 டிபி-யை 1 ஆக்குவதையும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் தப்புகள்

ஹீட்சிங்கின் அடியில் ஒட்டியிருக்கும் பேடின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதை உரிக்காமல் மூடிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. ஹீட்சிங்க் இருந்தும் டிரைவ் கொதிக்கும். 2280 என்று குறித்த துளையில் நிறுத்தும் திருகுக்கால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவைச் சாய்வாகச் செருகி, தங்க முனை முழுதும் உள்ளே போனதும் தட்டையாக அமுக்கித் திருக வேண்டும். சாய்வாக நுழைந்த டிரைவைத் திருகால் இழுத்து நேராக்கப் பார்த்தால் பலகை வளையும். டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழிக்காதீர்கள், வாரண்டி அதோடு போகும்.

விண்டோஸ் நிறுவும் வரை விண்டோஸ் போகவேண்டிய டிரைவை மட்டும் மாட்டியிருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டினால், பூட் செய்யும் சிறு பகுதியை விண்டோஸ் நிறுவும் மென்பொருள் வேறொரு டிரைவில் எழுதிவிடுவது உண்டு. ஒரு வருடம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய அன்று கணினி எழுந்திருக்காது, யாருக்கும் காரணம் புரியாது. நிறுவும் திரையில் டிரைவே தெரியவில்லை என்றால், பயாஸில், டிரைவுகளை நிர்வகிக்கும் இன்டெல்லின் விஎம்டி என்ற அமைப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். 11-ஆம் தலைமுறை முதல் இன்டெல் கணினிகளில் இது வருகிறது. நிறுத்திவிட்டால் தெரியும். நிறுவிய பிறகு நிறுத்தினால் விண்டோஸ் எழாது, எனவே முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பிரீமியரின் மீடியா கேஷ் சொல்லாமல் கொள்ளாமல் சி டிரைவில் பயனர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். 500 ஜிபி சி டிரைவ் மூன்று மாதத்தில் சிவப்பாவதற்கு இதுவே காரணம். அதற்கென்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, 90 நாளுக்கு மேல் பழையதை அழிக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

சாதாரண எஸ்எஸ்டி-களில் மின்வெட்டைத் தாங்கும் கெபாசிட்டர் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கண்ட்ரோலரின் கையில் இருந்த தரவு போச்சு. யுபிஎஸ் இல்லாத எடிட்டிங் கணினிக்கு எந்த எஸ்எஸ்டி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஏற்றுக்கொள்வதற்கு முன் சோதனை

கடையிலிருந்து வந்த டிரைவின் சீரியல் எண்ணைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும். பிறகு டிரைவின் விவரம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள். அதில் இயங்கிய மணிநேரமும் எழுதிய அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில ஆயிரம் மணிநேரம் காட்டினால் அது கழற்றி விற்ற சரக்கு. அதே திரையில் இணைப்பு முறை இரண்டாகத் தெரியும்: இப்போது ஓடுவது, டிரைவால் முடிந்தது. இரண்டும் பிசிஐஇ 4.0 நான்கு லேன் என்று ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்லாட் தப்பு, அல்லது டிரைவ் முழுதாக உட்காரவில்லை.

மலிவாக வாங்கிய, பெயர் தெரியாத டிரைவ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்காமல் ஒரு படம்கூட வைக்கக் கூடாது. 2 டிபி என்று காட்டும் போலிகளின் உள்ளே சில பத்து ஜிபி மட்டும் இருக்கும். அதற்கு மேல் எழுதுவது பழையதன் மேலேயே விழும்.

கடைசியாக உண்மையான சோதனை. ஒரு எஸ்எஸ்டி-யிலிருந்து இன்னொன்றுக்கு 400 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுத்து, விண்டோஸ் காட்டும் வேக வரைகோட்டைக் கவனியுங்கள். உயரமாகத் தொடங்கி, ஓரிடத்தில் படிபோல் இறங்கி, அங்கேயே நேராக ஓடினால் நல்ல டிஎல்சி. இறங்கிய இடம்தான் கேஷின் எல்லை. ரம்பப் பல்போல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் சூட்டால் வேகத்தைக் குறைக்கிறது என்று சந்தேகியுங்கள். அந்த நேரத்து வெப்பநிலையைப் பாருங்கள், எண்பதை நெருங்கினால் பேடையும் கேபினெட் காற்றோட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். ஏசி ஓடாத மதியத்தில் இதைச் செய்யுங்கள், ஜனவரி காலையில் செய்து பயனில்லை. நூறு எம்பி-க்குக் கீழே விழுந்து அங்கேயே படுத்துவிட்டால், பில்லோடு கடைக்குப் போகும் நேரம் அது.

ஃபர்ம்வேர் புதுப்பித்தல், டிரைவின் ஆரோக்கிய விழுக்காட்டைக் குறித்து வைத்தல், காப்பக ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்தல், மின்விசிறித் தூசியைத் தட்டுதல் ஆகியவற்றுக்கு இந்தத் தொழிலில் நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆடியும் மார்கழியும் வருடா வருடம் வருகின்றன. பி760 போர்டில் மூன்றாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் அதைக் காலியாகவே விடுங்கள். சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகக் கார்டு போடும் கேமரா வந்து கார்டு விநாடிக்கு ஒரு ஜிபி வீதம் கொட்டத் தொடங்கும் அன்று, 4 டிபி டிஎல்சி ஒன்று அங்கே போகும்.